பிந்திய ஊசி வீணா?

தோட்டத்துக் கிளினிக்குகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பிள்ளைக்கு நாலாம் மாத ஊசி. கார்டில் எழுதிய திகதி போய் ஐந்து வாரம் ஆகிவிட்டது. பாட்டி வீட்டுக்குப் போய் நின்றுவிட்டார்கள்; அல்லது கொழுந்து கூடிய மாதம், ஒரு நாள் நின்றால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும்; அல்லது மழையில் மண் சரிந்து பெரகலைப் பக்கம் பாதை அடைத்துக் கிடந்தது. கார்டைப் பொலித்தீன் உறையிலிருந்து எடுத்து நீட்டும்போதே அம்மாவின் குரல் இறங்கிவிடும்: "நாள் தப்பிப் போச்சு மிஸ்ஸி. திரும்ப மொதல்ல இருந்து போடணுமா?"

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஊசி போடும் கிளினிக் மிஸ்ஸியும் அதைத்தான் சொல்வார். சொல்லிவிட்டு, ஏன் பிந்தினாய் என்று இரண்டு வார்த்தை ஏசவும் செய்வார். ஏச்சு நினைவில் நிற்கிறது, பதில் நிற்பதில்லை. அதனால் நாள் தப்பிய தாய்மார் சிலர் அடுத்த கிளினிக்குக்கும் வராமல் ஒதுங்கிவிடுகிறார்கள். பிந்திப் போனதால் வரும் கெடுதியைவிட, பிந்தியதால் எல்லாமே வீண் என்ற நினைப்பால் வரும் கெடுதி பெரிது. எனவே ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு இதை நிதானமாகப் பார்ப்போம். இரண்டு ஊசிக்கு நடுவே எத்தனை நாள் விட வேண்டும்? அந்தக் கணக்கை எதை வைத்துப் போடுகிறார்கள்?

வீண் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. குளிசையிலிருந்து வருகிறது. டொக்டர் தந்த குளிசை இரத்தத்தில் இருக்கும்வரைதான் வேலை செய்யும். வேளை தப்பினால் அளவு இறங்கிவிடும். தடுப்பூசியையும் அந்தக் கணக்கிலேயே எண்ணுகிறோம். முதல் ஊசி உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டே வருகிறது, முழுக்கத் தீர்வதற்குள் அடுத்ததைப் போட்டாக வேண்டும் என்று. ஆனால் பெரும்பாலான தடுப்பூசிகளில் உள்ள மருந்து சில நாட்களிலேயே, மிஞ்சினால் சில வாரங்களில், உடம்பில் இல்லாமல் போய்விடுகிறது. அதற்குப் பிறகு நம்மிடம் இருப்பது அந்த மருந்து அல்ல, அதைப் பார்த்து உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு.

அந்த ஏற்பாடு நடக்கும் இடத்தை நாமே தொட்டுப் பார்த்திருக்கிறோம். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். கொவிட் ஊசி போட்டபோது பலருக்கு அக்குளில் நெறி கட்டியது. பாடப்புத்தகத்தில் நிணநீர்க் கணு என்று படித்தது இதைத்தான். ஊசியில் வந்த அந்நியப் பொருள் அங்கே போய்ச் சேர்கிறது. அங்கிருக்கும் பி கலங்கள் என்ற வெள்ளணுக்கள் அதற்குப் பொருத்தமான பிறபொருளெதிரிகளைச் செய்யத் தொடங்குகின்றன. கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை முடக்கும் புரதம்தான் பிறபொருளெதிரி. முதல் இரண்டு வாரத்தில் வருபவை அவசரத்தில் செய்தவை. ஒட்டும், ஆனால் இறுக்கமாக ஒட்டாது.

வேலை அதோடு நிற்பதில்லை. அந்தக் கலங்கள் பெருகப் பெருகத் தங்கள் பிறபொருளெதிரியின் வடிவத்தைச் சற்றே மாற்றி மாற்றிப் பார்க்கின்றன. நன்றாகப் பொருந்துவது தங்கும், பொருந்தாதது அழியும். வாரக்கணக்கில், சில ஊசிகளுக்கு மாதக்கணக்கில்கூட, இந்தத் தேர்வு நடக்கிறது. தேறி வருபவற்றில் ஒரு பங்கு நினைவுக் கலங்களாக மாறி, வருடக்கணக்கில் உடம்பில் சும்மா காத்துக்கிடக்கும். அவற்றை எழுப்புவதுதான் இரண்டாவது ஊசியின் வேலை. எழுந்துவிட்டால் சில நாட்களிலேயே, முதல் தடவையைவிடப் பல மடங்கு, இறுக்கமாக ஒட்டும் பிறபொருளெதிரிகள் இரத்தத்தில் வந்து சேரும்.

இதில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதைக் கொழுந்து பறிப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மலையில் இன்றைக்குப் பறித்தால் அடுத்த ரவுண்ட் ஏழெட்டு நாள் கழித்துத்தான். மூன்றாம் நாளே கூடையோடு போய் நின்றால் இரண்டு இலையும் மொட்டும் கிடைக்காது. வரவிருந்த துளிரைக் கிள்ளிக் கெடுத்ததுதான் மிச்சம். ஊசியிலும் அப்படித்தான். ஓரிரு வாரங்களுக்குள் இரண்டாவதைப் போட்டால், எழுப்புவதற்குத் தேறிய நினைவுக் கலங்கள் அங்கே இல்லை. அது மட்டுமல்ல, முதல் ஊசியால் வந்த பிறபொருளெதிரிகள் அந்தச் சமயத்தில் இரத்தத்தில் நிறைந்திருக்கும். புதிதாக வந்த பொருளைக் கிருமியாகவே எடுத்துக்கொண்டு, பி கலங்களின் கண்ணில் படுவதற்குள் அவை துடைத்து எடுத்துவிடும். உவமை இதோடு நிற்கட்டும். ரவுண்ட் பிந்தினால் கொழுந்து முற்றிவிடும். நினைவுக் கலம் அப்படி முற்றிப்போவதில்லை.

ஆகவே கார்டில் எழுதும் திகதிக்கு முன்னும் பின்னும் எல்லை இருந்தாலும், இரண்டு எல்லையும் ஒரே சாதி அல்ல. முன் எல்லையை வைத்தது உடம்பு. பிள்ளைகளின் முதல் வருட ஊசிகளில் ஒரே ஊசியை மறுபடி போடுவதென்றால் குறைந்தது 4 வாரம் போக வேண்டும். அதற்கு ரொம்ப முன்னே போட்டதைப் பல நாடுகளில் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, திரும்பப் போடச் சொல்வார்கள். பின் எல்லையை வைத்தது நோய். இரண்டாவது ஊசி வரும்வரை பிள்ளைக்குக் கிடைத்திருப்பது அரைப் பாதுகாப்பு. அந்த நேரம் பார்த்துக் குக்கல் வந்தால் யார் பொறுப்பு? மிஸ்ஸி ஏசுவது இதற்காகத்தான். முதல் ஊசி வீணாகிவிட்டது என்பதற்காக அல்ல.

சரி, 4 வாரத்துக்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் எவ்வளவு என்று கேட்டால்தான் விவாதம் தொடங்குகிறது. ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, அப்புத்தளைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன சொந்தங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் கார்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஹெப்படைடிஸ் பி, ஹிப் ஆகிய ஐந்துக்கும் சேர்த்துப் போடும் ஊசி நம் பிள்ளைக்கு 2, 4, 6 மாதங்களில். கோத்தகிரிப் பிள்ளைக்கு 6, 10, 14 வாரங்களில். அங்கே மூன்றரை மாதத்துக்குள் மூன்றும் முடிந்துவிடும். அந்த நேரம் நம் பிள்ளை ஒன்றைத்தான் போட்டிருக்கும். டென்மார்க்கிலும் சுவீடனிலும் பார்த்தால் 3, 5, 12 மாதங்கள்.

யார் சரி? எல்லோரும் சரிதான். இடைவெளி கூடினால் பிறபொருளெதிரி கூடும் என்பது மூன்று ஊரிலும் ஒன்றே. மாறுவது வெளி நிலைமை. குக்கல் சின்னக் குழந்தையைத்தான் கொல்லும். அது அதிகம் சுற்றும் ஊரில் ஒவ்வொரு வாரமும் கணக்கு. பிள்ளை வளர வளரத் தாய் கிளினிக்குக்கு வருவது குறையும் என்ற பயம் இருக்கும் இடத்தில், கையில் கிடைக்கும்போதே மூன்றையும் முடித்துவிடுவது புத்தி. இலங்கையில் குடும்ப சுகாதார மாது வீடு தேடி வருகிறார், லயத்து வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் ஊசி போய்ச் சேருகிறது. அந்த நம்பிக்கை இருப்பதால் இரண்டு மாத இடைவெளி கட்டுப்படியாகிறது. இது நம் நாட்டின் ஊசி அட்டவணையில் கண்ணுக்குத் தெரியாமல் எழுதப்பட்டிருக்கும் பெருமை என்பேன்.

இந்த வாதம் எல்லாம் மெல்ல, டொக்டர்மார் கூட்டங்களுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. 2021இல் கொவிட் ஊசியோடு அது வீதிக்கு வந்தது. அந்த வருடம் ஜனவரி 28ஆம் திகதி இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்த 5 இலட்சம் கொவிஷீல்ட் ஊசிகள் இலங்கைக்கு வந்தன. மறுநாளே ஏற்றத் தொடங்கினார்கள். பிறகு கொவிஷீல்டைச் செய்யும் சீரம் நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கிய 5 இலட்சம், கொவெக்ஸ் என்ற சர்வதேசப் பகிர்வுத் திட்டத்தில் 2 இலட்சத்து 64 ஆயிரம். மொத்தம் 12 இலட்சத்து 64 ஆயிரம். அடுத்தடுத்து வரும் என்ற நம்பிக்கையில் 9 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்கு முதல் ஊசி போட்டாயிற்று. அதற்குள் இந்தியாவில் இரண்டாம் அலை எழும்பி ஏற்றுமதி நின்றது. ஏறக்குறைய 6 இலட்சம் பேர் ஒற்றை ஊசியோடு நின்றார்கள்.

இருப்பதைப் பிரித்து வைக்காமல் ஏன் போட்டார்கள் என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். அப்படி ஒதுக்கி வைக்காமல் போடுவதை முதலில் பகிரங்கமாகச் செய்தது பிரித்தானியா. 2020 டிசம்பர் 30ஆம் திகதி, இரண்டாவது ஊசியை 12 வாரம்வரை தள்ளிவைப்பதாக அறிவித்தார்கள். கணக்கு இதுதான்: பெட்டியில் பத்து ஊசி இருக்கிறது. ஐந்து பேருக்கு இரண்டிரண்டாகப் போட்டு முழுப் பாதுகாப்புக் கொடுப்பதா, பத்துப் பேருக்கு ஒவ்வொன்று போட்டு ஓரளவுப் பாதுகாப்புக் கொடுப்பதா? ஒற்றை ஊசியின் பாதுகாப்பு முழுவதில் பாதியைவிடக் கூடுதலாக இருந்தால், ஊருக்கு இலாபம் இரண்டாவது வழியில்தான். பைசர் நிறுவனமோ, எங்கள் பரிசோதனை 21 நாள் இடைவெளியில் நடந்தது, அதற்கு மேல் எங்களிடம் தரவு இல்லை என்றது. அமெரிக்கா அப்போது 21 நாளை விட்டு அசையவில்லை.

அந்த 21 நாளும் உடம்பை ஆராய்ந்து கண்ட உச்ச எண் அல்ல. நோய் பரவிக்கொண்டிருந்தது, முடிவு சீக்கிரம் வேண்டும், அதனால் குறுகிய இடைவெளி எடுத்தார்கள். ஒக்ஸ்போர்ட் ஊசியில் (கொவிஷீல்டும் அஸ்ட்ரா செனெகாவும் அதுதான்) நடந்தது இன்னும் வேடிக்கை. முதலில் ஒற்றை ஊசியாகத்தான் யோசித்தார்கள். பிறகு இரண்டு வேண்டும் என்று தெரிந்தபோது மருந்து தயாராவதில் தாமதம். பரிசோதனைக்கு வந்தவர்களில் சிலருக்கு இரண்டாவது ஊசி 6 வாரத்துக்குள் கிடைத்தது, சிலருக்கு 12 வாரம் தாண்டித்தான் கிடைத்தது. பிரித்துப் பார்த்தால், 6 வாரத்துக்குள் போட்டவர்களில் பாதுகாப்பு 55 வீதம். 12 வாரமோ அதற்கு மேலோ காத்தவர்களில் 81 வீதம். உலகம் முழுக்கப் பேசப்பட்ட 12 வாரம் பிறந்தது ஒரு தாமதத்தில். சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழுக்கள் அல்ல என்பதால் இந்த எண்ணை அப்படியே நம்பலாமா என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். நியாயமான சந்தேகம்தான்.

இந்தியாவில் கொவிஷீல்ட் இடைவெளி 28 நாளில் தொடங்கியது. மார்ச்சில் 6 முதல் 8 வாரம் ஆனது. மே 13ஆம் திகதி 12 முதல் 16 வாரம் ஆனது. மறுநாள், மே 14ஆம் திகதி, அதே ஊசிக்குப் பிரித்தானியா 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 12 வாரத்தை 8 வாரமாகக் குறைத்தது. ஒரே ஊசி, ஒரு நாள் வித்தியாசம், இரண்டு அரசுகள் எதிரெதிர்த் திசையில். ஊசி இல்லாததை மறைக்க விஞ்ஞானத்தைச் சாட்டுகிறார்கள் என்று இந்தியாவில் பேசினார்கள். எனக்குத் தோன்றுவது, கையிருப்புக் கேட்டதும் உண்மை, விஞ்ஞானம் இடம் கொடுத்ததும் உண்மை. இரண்டையும் பிரித்துச் சொல்லியிருந்தால் பாதிச் சந்தேகம் வந்திருக்காது. பிரித்தானியா ஏன் குறைத்தது? டெல்டா என்ற உருமாறிய கொவிட் கிருமி வந்துவிட்டது. அங்கே கிடைத்த தரவில், டெல்டாவுக்கு முன் ஒற்றை ஊசி ஏறக்குறைய 30 வீதம்தான் நின்றது; இரண்டும் போட்டால் அஸ்ட்ரா செனெகா 67, பைசர் 88. ஒற்றை ஊசி பாதியைவிடக் கூட என்ற பழைய கணக்கு அங்கே உடைந்தது.

இலங்கையின் 6 இலட்சம் பேர் காத்திருந்ததும் அந்த டெல்டா மாதங்களில்தான். ஜூலையில் கொழும்பில் சிலருக்குப் பைசரை இரண்டாவது ஊசியாகப் போட்டார்கள். ஜூலை 31ஆம் திகதி ஜப்பான் கொடுத்த 7 இலட்சத்து 28 ஆயிரம் அஸ்ட்ரா செனெகா வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு வழி பிறந்தது. ஆகஸ்ட் 20ஆம் திகதி நாடே ஊரடங்கில் மூடியது. பெப்ரவரியிலும் மார்ச்சிலும் முதல் ஊசி போட்டவர்களில் பலருக்கு இடைவெளி ஐந்து மாதம் தாண்டியது. அந்த இரண்டாவது ஊசி வீணாயிற்றா? இல்லை. 44, 45 வாரம் கழித்து இரண்டாவதைப் போட்டவர்களை ஒக்ஸ்போர்ட் குழு அளந்தபோது, குறுகிய இடைவெளியில் போட்டவர்களைவிடப் பிறபொருளெதிரி கூடுதலாகவே இருந்தது. ஊசியின் பக்கம் நட்டமில்லை. நட்டம், காத்திருந்த மாதங்களில் நோய் வந்து வாசலில் நின்றதில்.

கண்டியில் ஸ்புட்னிக் போட்டவர்களின் கதை வேறு. அதில் முதல் ஊசியும் இரண்டாவதும் ஒரே மருந்து அல்ல. சரக்கைச் சுமந்து வரும் வைரஸ் இரண்டிலும் வேறு. முதல் சுமையாளை உடம்பு அடையாளம் கண்டு இரண்டாவது தடவை தடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல யோசனைதான். ஆனால் இரண்டாவது மருந்து வந்து சேராமல் அவர்களும் காத்திருந்தார்கள்.

நாட்டில் மிகப் பெரும்பாலானோருக்கு, தோட்டங்களிலும், கிடைத்தது சைனோபார்ம். அதற்கு இடைவெளி 4 வாரம். "அவங்களுக்கு மூணு மாசம், நமக்கு ஒரு மாசம், அப்ப நம்ம ஊசி பலம் கொறைஞ்சதா?" என்று கேட்டவர்கள் உண்டு. இடைவெளி ஊசியின் பலத்தை அளக்கும் கோல் அல்ல. சைனோபார்மைப் பரிசோதித்தது 21 நாள் இடைவெளியில், அதையொட்டி 3 முதல் 4 வாரம் என்று விதி வந்தது, அவ்வளவுதான்.

நோய் திகதியைப் பிடித்து இழுப்பதற்கு நம் நாட்டிலேயே இன்னொரு சாட்சி சின்னமுத்து ஊசி. தாயின் பிறபொருளெதிரிகள் பிள்ளை பிறந்த பிறகும் மாதக்கணக்கில் அதன் இரத்தத்தில் இருக்கும். அவை பிள்ளையைக் காக்கும். கூடவே ஊசியையும் துடைத்துவிடும். அதனால் சின்னமுத்து ஊசி 9 மாதத்தில் போட்டால் நூற்றில் 85 பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஒரு வருடத்தில் போட்டால் 95 பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இலங்கை 2011இல் சின்னமுத்தும் அடங்கிய எம்.எம்.ஆர். ஊசியைக் கொண்டுவந்தபோது ஒரு வயதிலும் மூன்று வயதிலும் வைத்தது. காகிதத்தில் அதுதான் சிறந்த கணக்கு. 2013இல் சின்னமுத்து பரவியபோது, ஒரு வயது ஆகாத, ஊசிக்குக் காத்திருந்த குழந்தைகள் பலர் படுத்தார்கள். 2015இல் முதல் ஊசியை 9 மாதத்துக்கு இறக்கினார்கள். நூற்றில் இன்னும் பத்துப் பிள்ளைக்குப் பிடிக்காமல் போகலாம் என்பதைத் தெரிந்தே, மூன்று வயது ஊசி அதை ஈடுகட்டும் என்று நம்பிச் செய்த முடிவு. 2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. 2023இல் அது திரும்பி வந்தது.

பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் போடும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கு ஆறு மாத இடைவெளி. அமெரிக்காவில் ஐந்து மாதத்துக்குள் இரண்டாவதைப் போட்டுவிட்டால் மூன்றாவது ஒன்று போடச் சொல்லிவந்தார்கள். ஒரு வருடம் பிந்தினால் எதுவும் சொன்னதில்லை. முந்துவது குற்றம், பிந்துவது குறை. 2022இல் உலக சுகாதார அமைப்பு இந்த ஊசிக்கு ஒன்றே போதும் என்ற வழியையும் ஏற்றுக்கொண்டது. அப்படிப் போகும் நாடுகளில் இடைவெளி என்ற கேள்வியே இல்லாமல் போய்விடும்.

நாள் தப்பிய அந்த அம்மாவிடம் திரும்புவோம். மிஸ்ஸி கார்டில் பார்ப்பது, கடைசியாகப் போட்டது எது, அன்றிலிருந்து குறைந்தபட்ச இடைவெளி ஆயிற்றா என்பதை மட்டும்தான். ஆகியிருந்தால் அன்றைக்கே அடுத்தது. முதலாவது திரும்ப வராது. கார்ட் தொலைந்திருந்தாலும் போகலாம். கிளினிக் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இருக்கும்.

இவ்வளவு தாராளமும் நாய்க்கடி ஊசிக்குக் கிடையாது. மற்ற ஊசிகளை நோய் வருமுன் போடுகிறோம்; இதைக் கிருமி உடம்புக்குள் போன பிறகு போடுகிறோம். கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியே அது மூளைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, அதை முந்த வேண்டும். அதனால்தான் 0, 3, 7 என்று நாள் கணக்கில் நெருக்கி நெருக்கிப் போடுகிறார்கள். நினைவுக் கலம் நன்றாகத் தேறட்டும் என்று காத்திருக்க இங்கே நேரமில்லை. தோட்டத்து நாயோ வீட்டு நாயோ, கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு நாள் தப்பினால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் மறுநாள் காலையே போங்கள்.